ஒலிவியா டி ஹாவிலண்ட்: கட்டுரையில் விட்டுப்போன வழக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் பற்றி வந்த கட்டுரையை ஆசையாகப் படிக்க ஆரம்பித்தேன். பழைய ஹாலிவுட் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறவள் நான். அவரைப் பற்றித் தமிழில் யாராவது எழுதினால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இரண்டு பக்கக் கட்டுரையில் ஏறக்குறைய ஒரு பக்கம், அவருக்கும் தங்கை ஜோன் ஃபான்டெய்னுக்கும் இருந்த மனஸ்தாபத்துக்கே போய்விட்டது. மீதியில் எரால் ஃபிளின்னோடு ஜோடி சேர்ந்த படங்கள், இரண்டு ஆஸ்கர், பாரிஸ் வாழ்க்கை. அவர் தன்னை ஒப்பந்தத்தில் வைத்திருந்த வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோ மேல் போட்ட வழக்கைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. சில காலம் நடிக்காமல் இருந்துவிட்டு 1946இல் திரும்பி வந்தார் என்று மட்டும் இருக்கிறது. அவர் ஏன் நடிக்கவில்லை? நடிக்க விடவில்லை என்பதுதான் உண்மை.

1934இல் ஹாலிவுட் பவுல் திறந்தவெளி அரங்கில் மாக்ஸ் ரைன்ஹார்ட் போட்ட ஷேக்ஸ்பியர் நாடகத்தில் கடைசி நேரத்தில் இன்னொருவருக்குப் பதிலாக மேடையேறியவர் ஒலிவியா. அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. அதைப் படமாக எடுத்த வார்னர் பிரதர்ஸ் அவரை ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டது. அந்தக் காலத்து ஸ்டூடியோ ஒப்பந்தம் என்றால் வாரச் சம்பளம். எந்தப் படம், எந்த வேஷம் என்பதெல்லாம் முதலாளி முடிவு. பிடிக்கவில்லை என்று சொன்னால் சஸ்பெண்ட், சம்பளம் கிடையாது. அந்த நாட்களில் வேறு கம்பெனி படத்திலும் நடிக்க முடியாது. அதைவிடக் கொடுமை, வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களையெல்லாம் கணக்கு வைத்து ஒப்பந்தத்தின் கடைசியில் ஒட்டிவிடுவார்கள்.

'கான் வித் தி விண்ட்' படத்தில் மெலனி வேஷத்துக்குத் தயாரிப்பாளர் செல்ஸ்னிக் அவரைக் கேட்டபோது, வார்னர் பிரதர்ஸ் முதலாளி ஜாக் வார்னர் முதலில் மறுத்துவிட்டார். ஒலிவியா வார்னரின் மனைவியைத் தேநீருக்கு அழைத்து, கெஞ்சிக் கேட்டு, அந்த அம்மாள் மூலமாகத்தான் அனுமதி வாங்கினார். அந்த மெலனிக்குத்தான் அவருடைய முதல் ஆஸ்கர் பரிந்துரை. இரண்டாவது பரிந்துரை 'ஹோல்ட் பேக் தி டான்' படத்துக்கு. அது பாரமவுண்டுக்கு அவரை இரவல் கொடுத்து எடுத்தது. பிறகு வந்த மூன்று பரிந்துரைகளும் வார்னரை விட்டு வெளியே வந்த பிறகு. ஆக மொத்தம் ஐந்தில் ஒன்று கூட அவரை ஒப்பந்தம் போட்டு வைத்திருந்த ஸ்டூடியோவின் படத்துக்கு இல்லை. அங்கே அவருக்குக் கொடுத்ததெல்லாம் பெரும்பாலும் கதாநாயகனைப் பார்த்து மயங்கி நிற்கிற வேஷம்தான்.

1943இல் ஏழு வருட ஒப்பந்தம் முடிந்தது என்று அவர் நினைத்தார். இல்லை, சஸ்பென்ஷன் கணக்கில் இன்னும் சுமார் ஆறு மாதம் பாக்கி என்றது ஸ்டூடியோ. அப்போது அவருடைய வழக்கறிஞர் மார்ட்டின் காங் எடுத்துக் காட்டியது கலிபோர்னியாவின் பழைய சட்டம் ஒன்றை. யாரையும் ஏழு வருடத்துக்கு மேல் ஒரு வேலை ஒப்பந்தத்தில் கட்டிப்போட முடியாது என்கிறது அது. வேலை செய்த நாட்களை மட்டும் கூட்டினால் ஏழு வருடம் என்பது ஸ்டூடியோவின் வாதம். காலண்டரில் ஏழு வருடம் என்பது இவருடைய வாதம். 1936இல் நடிகை பெட்டி டேவிஸ் இதே வார்னரிடம் இங்கிலாந்து நீதிமன்றத்தில் தோற்றிருந்தார். அது தெரிந்தும் இருபத்தேழு வயதுப் பெண் ஒருத்தி, மார்க்கெட் நன்றாக இருந்த நேரத்தில், கோர்ட்டுக்குப் போனார்.

ஜாக் வார்னர் சும்மா இருக்கவில்லை. இவரை யாரும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று மற்ற ஸ்டூடியோக்களுக்கெல்லாம் எழுதினார். 1944, 1945 இரண்டு வருடமும் அவர் நடித்த படம் ஒன்று கூட வெளிவரவில்லை. அந்த நாட்களில் போரில் காயம்பட்ட சிப்பாய்களைப் பார்க்க அலாஸ்காவுக்கும் தென் பசிபிக் தீவுகளுக்கும் ராணுவ மருத்துவமனைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஃபிஜியில் நிமோனியா வந்து அவரே படுத்துவிட்டார். 1944 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் காலண்டர் கணக்குதான் சரி என்றது. 1945 பிப்ரவரியில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வார்னரின் மனுவை ஏற்க மறுத்ததோடு வழக்கு முடிந்தது. இன்றும் அங்கே அந்தத் தீர்ப்பை டி ஹாவிலண்ட் சட்டம் என்றுதான் சொல்கிறார்கள். இசைக் கம்பெனிகளோடு மல்லுக்கட்டுகிற பாடகர்கள் கூட அதைத்தான் கையில் எடுக்கிறார்கள்.

எனக்கு இது ஏன் இவ்வளவு பெரிதாகப் படுகிறது என்றால், நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் மூன்று வருட பாண்ட். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் சம்பளமில்லாத விடுப்பில் இரண்டு மாதம் இருந்தேன். மூன்று வருடம் முடிந்து சான்றிதழ்களைத் திருப்பிக் கேட்டபோது, அந்த இரண்டு மாதத்தையும் முடித்துவிட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒலிவியா அன்றைக்குச் சரி என்று சொல்லவில்லை.

வழக்கு ஜெயித்த பிறகு அவர் செய்த வேஷங்களைப் பாருங்கள். 'டு ஈச் ஹிஸ் ஓன்' படத்தில் பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுத்துவிட்டுத் தூரத்திலிருந்து பார்த்தே வயதாகிப் போகிற தாய். அதற்கு முதல் ஆஸ்கர். 'தி ஸ்னேக் பிட்' படத்தில் மனநல மருத்துவமனையில், ஒப்பனை இல்லாத முகத்தோடு, தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் விழிக்கிற பெண். அப்புறம் 1949இல் 'தி ஏர்ஸ்'. ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்ளக் கிளம்பிய இரவில் காதலன் வராமல் போக, ஒலிவியா நடித்த கேத்தரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவாள். இயக்குநர் வில்லியம் வைலருக்கு டேக் மேல் டேக் எடுத்தும் திருப்தி வரவில்லையாம். கடைசியில் காலிப் பெட்டிக்குள் புத்தகங்களைத் திணித்துக் கனமாக்கி ஏற வைத்திருக்கிறார். அந்தக் காட்சியில் ஒலிவியாவின் தோள் ஒரு பக்கமாக இழுபடுவதைக் கவனியுங்கள். படிக்குப் படி கை கைப்பிடியைத் தேடும். ஒரு வார்த்தை வசனம் இல்லை.

1965இல் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவுக்குத் தலைமை வகித்த முதல் பெண்ணும் இவரே. கட்டுரையில் அதுவும் இல்லை. 2020 ஜூலையில் பாரிஸில் இறந்தபோது அவருக்கு வயது 104. இத்தனை நீண்ட வாழ்க்கையில் தங்கையோடு போட்ட சண்டைதான் எழுதத் தக்கது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்த வழக்கைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள். உங்கள் கட்டுரையாளர் நன்றாக எழுதுகிறவர், அவரே எழுதினால் இன்னும் நல்லது. 'தி ஏர்ஸ்' படத்தின் கடைசிக் காட்சியில், வெளியே அவன் கதவைத் தட்டிக்கொண்டே இருக்க, கேத்தரின் கையில் விளக்கோடு மாடி ஏறுவாளே, கிடைத்தால் அந்தக் காட்சியின் புகைப்படத்தைக் கட்டுரையோடு போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி