பல்பை மாற்றுமுன் எர்த்தைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய காரின் முகப்பு விளக்கு மங்கினால் பல்பை மாற்றுவதும், அப்போதும் வெளிச்சம் போதாவிட்டால் கூடுதல் வாட் பல்பைப் போடுவதும் பரவலான பழக்கமாக உள்ளன. இருபது ஆண்டுகள் ஓடிய என் காரிலும் அதையே செய்தேன். ஹோல்டர் உருகிய பிறகுதான் கோளாறு பல்பில் இல்லை என்று தெரிந்தது.

பெரும்பாலான கார்களில் விளக்குக்குச் செல்லும் மின்சாரம் வண்டியின் இரும்பு பாடி வழியாகவே பேட்டரிக்குத் திரும்புகிறது. இந்தத் திரும்பும் வழியைத்தான் எர்த் என்கிறோம். எர்த் ஒயரைப் பாடியோடு பிணைக்கும் திருகில் துரு ஏறினால் அங்கே மின்தடை கூடி, பல்புக்குச் சேர வேண்டிய மின்னழுத்தத்தில் ஒரு பங்கு அந்தத் திருகிலேயே வீணாகிறது. ஹாலஜன் பல்புக்கு மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிடும். இண்டிகேட்டர் போடும்போது பின்புறத்தின் மற்ற விளக்குகளும் சேர்ந்து மினுக்குவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். எர்த் வழி அடைபட்ட மின்சாரம் அடுத்த பல்பின் இழை வழியாகத் திரும்ப முயல்கிறது.

சோதனையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மல்டிமீட்டரை (மின்னழுத்தம் அளக்கும் கருவி) வைத்தால், மின்னோட்டமே இல்லாததால், துருப்பிடித்த இணைப்பும் முழு 12 வோல்ட்டைக் காட்டும். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை ஹோல்டரின் எர்த்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் திருகைக் கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் இறுக்கி, மேலே கிரீஸ் பூசிவிடலாம். செலவென்று சொல்லும்படி எதுவும் இதில் இல்லை.

எர்த் சரியாக இருந்தும் வெளிச்சம் குறைந்தால் சுவிட்சைக் கவனிக்க வேண்டும். 55 வாட் பல்புகள் இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் தனி சுவிட்ச்) இல்லாத பழைய கார்களில் அவ்வளவும் சுவிட்சின் தேய்ந்த தொடுமுனைகள் வழியாகவே போகிறது. அத்தகைய வண்டிக்கு ரிலே பொருத்துவதே சரியான வழி.

அடிக்கடி போகும் பியூஸுக்குப் பதிலாகப் பெரிய ஆம்பியர் பியூஸையோ செம்புக் கம்பியையோ வைப்பதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். பியூஸ் இருப்பது ஒயரைக் காக்க. அது உருகாவிட்டால் ஒயர் உருகி, வண்டியே தீப்பற்றக்கூடும்.

பழைய வண்டிகளைச் சர்வீஸ் செய்யும் மெக்கானிக்குகள், ஆயில் மாற்றும்போதே இந்த எர்த் சோதனையையும் வழக்கமாக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்