எட்டு மாதம் உடன் நின்றவர்களுக்கு

வணக்கம். போன வாரம் புது வேலையில் சேர்ந்துவிட்டேன். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து நன்றி சொல்லலாம் என்று கிளம்பினேன். இரண்டாவது ஆளிடமே தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால்தான் இந்த மடல். பெயர் போடக் கூடாது என்று அக்கா மிரட்டியிருப்பதால் யார் பெயரும் இல்லை.

அக்காவிலிருந்தே தொடங்குகிறேன். வேலை போன மறுநாள் எல்லோரும் "கவலைப்படாதே" என்றார்கள். நீ மட்டும்தான் "நோட்டை எடு" என்றாய். கடைசி 3 மாத வங்கிக் கணக்கை வரிவரியாகப் படிக்க வைத்தாய். வாடகை, கடன் தவணை, மின்கட்டணம் என்று தப்பிக்க முடியாதவை ஒரு பக்கம், மற்றதெல்லாம் எதிர்ப்பக்கம். இப்படியே செலவு செய்தால் கையிருப்பு 5 மாதம், எதிர்ப்பக்கத்தை வெட்டினால் 8 மாதம் என்று கணக்கு வந்தது. அன்றிரவுதான் ஒழுங்காகத் தூங்கினேன். நான் மறந்தே போயிருந்த 4 சந்தாக்கள் மாதாமாதம் சத்தமில்லாமல் பணத்தை எடுத்துக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்ததும் நீதான். தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய்ப் பேசச் சொன்னாயே, அதற்குத் தனி நன்றி. தவறிய பிறகு போயிருந்தால் அபராதத்தோடுதான் பேச்சே ஆரம்பித்திருக்கும்.

எதிர்வீட்டுத் தம்பி, மூலையில் கிடந்த உன் பழைய லேப்டாப்பைக் கொடுத்தாய். அது உயிர்பெற்று எழவே ஐந்து நிமிடம் ஆகும். சுழலும் வன்தட்டைக் கழற்றிவிட்டு வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்தை மாட்டலாம் என்றாய். சரி, நீயே மாட்டித் தருவாய் என்று பார்த்தால் திருப்புளியை என் கையில் திணித்துவிட்டாய்! அப்புறம் லினக்ஸ் இயங்குதளம், கடிதமும் கணக்கும் போட லிப்ரே ஆபிஸ், நிரல் எழுதப் பைத்தான். எதற்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

நூலகர் ஐயா, "வேலை உறுதி" என்று சொல்லிப் பெரிய தொகை கேட்ட ஒரு பயிற்சி நிலையத்தின் விளம்பரத்தோடு உங்களிடம் வந்தேன். அந்தப் பாடத்திட்டத்தை ஒவ்வொரு தலைப்பாக எடுத்து, இலவசமாக எங்கே கிடைக்கிறது என்று பென்சிலால் குறித்துக் கொடுத்தீர்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இணையத்தில் இலவசமாகத் தரப்போவதாக 2001-லேயே அறிவித்தது என்பதை உங்களிடம்தான் கேள்விப்பட்டேன். பக்கத்து இருக்கைக்காரரின் குறட்டையையும் நீங்கள்தான் சமாளித்தீர்கள்.

மேடம், உங்களுக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். பயிற்சிக்கு நானே தயாரித்த கோப்பில் வாடிக்கையாளர்கள் ஓர் அட்டவணையிலும் அவர்கள் வாங்கியவை இன்னொன்றிலும் இருந்தன. தரவுத்தளத்தில் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில், இரண்டு அட்டவணைகளையும் 'இன்னர் ஜாயின்' என்ற கட்டளையால் இணைத்து, ஒன்றுமே வாங்காதவர்கள் யார் என்று தேடினேன். யாருமே இல்லை என்றது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு உங்களை அழைத்தேன். விடை சொல்லவில்லை நீங்கள். "இணைப்பதற்கு முன் எத்தனை பேர், பின் எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்டீர்கள். எண்ணினேன். முன்பு 500, பின்பு 412. இன்னர் ஜாயின் இரண்டு பக்கமும் பொருந்துகிறவர்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். நான் தேடிய 88 பேரை நானே வெளியே தள்ளிவிட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். முதல் அட்டவணையில் உள்ள எல்லோரையும் விடாமல் வைத்துக்கொள்ளும் லெஃப்ட் ஜாயின் போட்டு, எதிரே வெற்றாக நின்றவர்களைக் கேட்டதும் எல்லோரும் வந்துவிட்டார்கள். நேர்முகத் தேர்வில் "நீங்கள் செய்த ஒரு தவற்றைச் சொல்லுங்கள்" என்றபோது இதைத்தான் சொன்னேன். இரண்டு பேர் தலையாட்டினார்கள், மூன்றாமவர் சிரித்தேவிட்டார்.

அப்புறம், கூட நடக்க வந்த நண்பனே, "ஏதாவது கிடைத்ததா?" என்று ஒருநாளும் கேட்காமல் கிரிக்கெட்டையே பேசினாய். எனக்குக் கிரிக்கெட் பிடிக்காது. இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

தம்பி, அன்றைக்கு நான் தலையை மழுக்கிவிட்ட அந்தத் திருகாணி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. புதிது ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை திருப்புளியோடு வா, இந்த முறை நீ மாட்டு.