கூஃபாக்ஸின் முழங்கையையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த, 1960-களின் பேஸ்பால் பிட்சர் (பந்து வீச்சாளர்) சாண்டி கூஃபாக்ஸ் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1965 உலகத் தொடரின், அதாவது அமெரிக்க பேஸ்பால் இறுதித் தொடரின், ஏழாவது ஆட்டத்தை விவரித்த இடம் அருமை. இரண்டே நாள் ஓய்வுக்குப் பிறகு மினசோட்டாவில் இறங்கி, வளைந்து இறங்கும் கர்வ் பந்து சொன்னபடி கேட்காத நாளில் வேகப்பந்தை நம்பியே வீசி, 2-0 என்று தன் அணியான டாட்ஜர்ஸுக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். எத்தனை தடவை சொன்னாலும் கேட்கலாம். ஆனால் கட்டுரையின் கடைசிப் பத்தி என்னை மிகவும் வருத்தியது. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் இன்றைய பிட்சர்கள் ஆறு இன்னிங்ஸ் வீசியதும் உட்கார்ந்துவிடுகிறார்கள், அந்தக் காலத்து நெஞ்சுரம் இவர்களிடம் இல்லை என்று கட்டுரையாளர் முடித்திருந்தார்.

இதை மறுக்க எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். என் மகனுக்கு 12 வயது, வலது கையால் பந்து வீசுகிறான். சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீகின் விதிப்படி இந்த வயதில் ஒரு நாளைக்கு 85 பந்துக்கு மேல் வீசக் கூடாது. 66 பந்தோ அதற்கு மேலோ வீசிவிட்டால் நான்கு நாள் ஓய்வு கட்டாயம். பெற்றோரில் ஒருவர் கையில் எண்ணும் கருவியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பந்துக்கும் ஒரு தட்டுத் தட்டுவார். போன கோடையில் ஒரு சனிக்கிழமை அவன் எழுபது பந்துக்கு மேல் வீசினான். மறுநாள் வேறொரு குழுவின் போட்டி. அங்கே இந்தக் கணக்கு செல்லாது. பயிற்சியாளர் அவனைத்தான் கூப்பிட்டார். நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு, "அந்தக் கால ஜாம்பவான்கள் யாரும் பந்தை எண்ணிக்கொண்டு வீசவில்லை" என்றார். அவர்களுடைய எண்களையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கும் பிள்ளை, உடனே எழுந்து போய்விட்டான். நானும் தடுக்கவில்லை. அதை இன்றுவரை என்னால் மன்னித்துக்கொள்ள முடியவில்லை.

அன்று இரவு ரசம் சாதத்தை இடது கையால் பிசைந்து சாப்பிட்டான். ஏன்டா என்று கேட்டதற்கு, "சும்மாதான் அம்மா" என்றான். ஃப்ரீஸரில் இருந்த பட்டாணிப் பொட்டலத்தைத் துண்டில் சுற்றி அவன் முழங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வளரும் எலும்பின் நுனியில் வீக்கம், மூன்று மாதம் பந்தையே தொடக் கூடாது என்றார் டாக்டர்.

அந்த மூன்று மாதத்தில்தான் கூஃபாக்ஸைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1966 சீசனில் அவர் 27 வெற்றி பெற்றார், 27 ஆட்டங்களைத் தொடங்கிய கையோடு தானே முடித்தும் வைத்தார். உங்கள் கட்டுரையில் இந்த எண்கள் இருக்கின்றன. அதே நவம்பரில், 30 வயதில், அவர் ஆட்டத்தை விட்டே விலகியது அரை வரியில் போய்விட்டது. பந்து வீசும் இடது முழங்கையில் மூட்டுத் தேய்வு. வலி தெரியாமல் இருக்க ஊசி, மாத்திரை, சூடேற்றும் களிம்பு. ஆட்டம் முடிந்ததும் பனிக்கட்டித் தண்ணீரில் கையை ஊற வைப்பார். கை முழுசாக நீளாமல் வளைந்தே நின்றுவிட்டதால் கோட்டின் இடது கைப்பகுதியைக் குறைத்துத் தைக்க வேண்டியிருந்தது. விளையாட்டுக்குப் பிறகு வாழ இன்னும் நிறைய வருடம் இருக்கிறது, அதற்கு இந்தக் கை வேண்டும் என்று சொல்லித்தான் விலகினார். ஆக, முழு ஆட்டம் வீசிய மனிதரே அதன் விலையை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். நாம்தான் அதைக் காதில் வாங்கவில்லை.

அவராவது ஜாம்பவானாக நினைவில் நிற்கிறார். மார்க் ஃபிட்ரிச்சை எத்தனை பேருக்குத் தெரியும்? 1976-இல் டெட்ராய்ட் அணியில் அவருக்கு முதல் சீசன், வயது 21. மண்டியிட்டு, பிட்சர் நிற்கும் மேட்டின் மண்ணைக் கையாலேயே சமப்படுத்துவார், பந்தோடு பேசுவார். அவரைப் பார்ப்பதற்காகவே கூட்டம் அலைமோதியது. 19 வெற்றி, 24 முழு ஆட்டம், அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம் விருது. அடுத்த ஆண்டு முதலில் முழங்காலில் அடி, அப்புறம் தோள். 1980-க்குப் பிறகு பெரிய லீகில் அவர் வீசவே இல்லை. மொத்தம் 29 வெற்றியோடு கதை முடிந்தது. தோளில் தசைநார் கிழிந்திருந்தது என்பதே பல வருடம் கழித்துத்தான் தெரியவந்தது. இன்னொரு பிட்சரான நோலன் ரயன் 46 வயதுவரை வீசி 5,714 முறை ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்து வீச்சாலேயே அவுட், செய்தார் என்றால், அது அவர் ஒருவருக்கு வாய்த்த கை. தாங்கிய கைகளை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்தில் எல்லோருமே தாங்கினார்கள் என்று முடிவு கட்டுவது எந்த ஊர்க் கணக்கு?

ஆட்டமும் அப்படியே நின்றுவிடவில்லை. கூஃபாக்ஸ் காலத்தில் எதிரணி பிட்சரும் பேட் பிடித்தாக வேண்டும், அநேகமாக அது சுலபமான அவுட். இன்று அந்த இடத்தில் வேலியைத் தாண்டும் ஹோம் ரன் அடிப்பதற்கென்றே ஒருவர் நிற்கிறார். பிட்சர் நிற்கும் மேடு அன்று 15 அங்குலம். 1968-இல் பாப் கிப்சன் போன்ற பிட்சர்கள் பேட்டர்களை அசையவிடாமல் செய்ததால், மறு ஆண்டே 10 அங்குலமாகக் குறைத்தார்கள். இப்போது வேகப்பந்தின் சராசரியே மணிக்கு 94 மைல் அளவில் இருக்கிறது. அந்த வேகத்துக்கு முழு பலத்தையும் கொடுத்து ஒன்பது இன்னிங்ஸ் வீசு என்றால் எப்படி முடியும்? இன்றைய முறையில் மட்டும் கைகள் பிழைத்துவிடுகின்றனவா என்றால், அதுவும் இல்லை. வேகத்தைத் துரத்தி முழங்கை அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் ஏராளம். அதைக் கண்டித்துக் கட்டுரையாளர் எழுதியிருந்தால் நானும் கை தட்டியிருப்பேன்.

கட்டுரையாளரின் ஏக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. 2022 ஏப்ரலில் அதே மினசோட்டாவில், அதே டாட்ஜர்ஸ் அணியின் இடதுகை பிட்சர் கிளேட்டன் கெர்ஷா ஏழு இன்னிங்ஸ் வீசி, வந்த 21 பேரில் ஒருவரைக்கூட பேஸுக்கு, அதாவது ஓட்டத்துக்கான முதல் இடத்துக்கு, விடவில்லை. இன்னும் ஆறு பேரை வீழ்த்தினால், எதிரணியில் ஒருவரையும் விடாமல் வீழ்த்தும் பெர்ஃபெக்ட் கேம். 80 பந்து ஆனதும் அவரை எடுத்துவிட்டார்கள். டிவிக்கு முன்னால் என் மகன் கத்தியே விட்டான். எனக்கும் ஆற்றாமைதான். ஆனால் அவருடைய முந்தைய சீசன் முழங்கைக் காயத்தோடு முடிந்திருந்தது. எடுத்தது சரிதான் என்று கெர்ஷாவே சொன்னார். அவரிடம் நெஞ்சுரம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? 2025 உலகத் தொடரில் டாட்ஜர்ஸ் பிட்சர் யோஷினோபு யமமோட்டோ ஓர் ஆட்டத்தை முழுசாக வீசி முடித்தார். ஆறாவது ஆட்டத்தைத் தொடங்கி வைத்தவர், மறுநாளே ஏழாவது ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸ்களுக்கும் வந்து நின்றார். துணிச்சல் எங்கேயும் போய்விடவில்லை.

பழைய பெயர்களைத் தடியாக எடுத்து நிகழ்கால ஆட்டக்காரனை அடிப்பது புதிதும் அல்ல. பழைய ஜாம்பவான் பேப் ரூத்தின் 714 ஹோம் ரன் சாதனையை 1973-74-இல் ஹாங்க் ஆரன் நெருங்கியபோது, கறுப்பர் அதைத் தாண்டக் கூடாது என்று கொலை மிரட்டல் கடிதங்கள் வந்து குவிந்தன. ஆரன் அவற்றைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார். அதே ரூத்தின் பெயர் நல்லதும் செய்திருக்கிறது. பிட்சராகவும் பேட்டராகவும் ஒரே சீசனில் அவர் செய்ததை நாம் மறக்காததால்தான், 2022-இல் ஷோஹெய் ஓடானி பிட்சராக 15 வெற்றியும் பேட்டராக 34 ஹோம் ரன்னும் எடுத்தபோது அது எவ்வளவு பெரிய காரியம் என்று உடனே புரிந்தது. அந்த ஓடானியின் முழங்கையிலும் இரண்டு முறை கத்தி பட்டிருக்கிறது.

என் மகன் இந்த வசந்தத்தில் மறுபடி வீசத் தொடங்கிவிட்டான். எண்ணும் கருவி இப்போது என் கையில் இருக்கிறது. உங்கள் இதழை அவனுக்கு நான்தான் வாசித்துக் காட்டுகிறேன், தமிழ் எழுத்து அவனுக்கு இன்னும் முழுசாக வரவில்லை. தொடரில் அடுத்து நோலன் ரயன் என்று அறிவித்திருக்கிறீர்கள். தாராளமாக எழுதுங்கள், இருவரும் காத்திருக்கிறோம். அந்தப் பக்கத்திலேயே ஃபிட்ரிச்சுக்கும் ஒரு அரைப் பக்கம் ஒதுக்கித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நியூ ஜெர்சி