ஹார்லனுக்கு முன் டூர்ஜே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896ஆம் ஆண்டு வெள்ளையருக்கான ரயில் பெட்டியில் அமர்ந்து கைதான ஹோமர் பிளெஸ்ஸியின் வழக்கில், இனவாரியாகப் பெட்டிகளைப் பிரிப்பது செல்லும் என்று அளித்த தீர்ப்பைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, அரசமைப்புச் சட்டம் நிறம் பார்ப்பதில்லை என்று நீதிபதி ஹார்லன் தனித்து நின்று எழுதிய மாறுபட்ட தீர்ப்பை உரிய மதிப்புடன் எடுத்துக்காட்டியிருந்தது. ஆனால், நீதியைக் கண் தெரியாதவளாகத் தீட்டும் நாம் அவள் மகளாகிய சட்டத்தை நிறமாவது பாராதவளாக வைத்திருக்க வேண்டும் என்று அதே வழக்கில் முன்னரே எழுத்துமூலமாக வாதிட்டவர், பிளெஸ்ஸியின் வழக்குரைஞர் ஆல்பியன் டூர்ஜே. அவர் பெயர் கட்டுரையில் ஓரிடத்திலும் வராதது எனக்கு வருத்தம் அளித்தது.

1838இல் ஒஹையோவில் பிறந்த டூர்ஜே, உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்து முதுகெலும்பில் பட்ட காயத்தோடு திரும்பியவர். போர் முடிந்த 1865இலேயே, தோற்ற தெற்கின் வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ நகருக்குக் குடிபெயர்ந்தார். 1868இல் அம்மாநிலத்தின் புதிய அரசமைப்பை வகுத்த பேரவையில் உறுப்பினராக இருந்தார். அரசுப் பதவிக்குச் சொத்துத் தகுதி வேண்டும் என்ற விதி நீங்கியதும், பொதுப்பள்ளிகளுக்கு வழி பிறந்ததும் அப்போதுதான்.

அதே ஆண்டு முதல் 1874 வரை அவர் மாநில உயர் விசாரணை மன்ற நீதிபதியாக இருந்த ஆறு ஆண்டுகளைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். கறுப்பினத்தவரை ஒடுக்கக் கிளம்பிய வெள்ளை நிறவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளான் கும்பல் அப்பகுதியில் வெறியாட்டம் ஆடிய காலம் அது. 1870 பிப்ரவரியில் கறுப்பினத் தலைவர் வயட் அவுட்லா, கிரஹாம் ஊரில் நீதிமன்றத்தின் அருகிலேயே மரத்தில் தூக்கிலிடப்பட்டார். மே மாதத்தில் டூர்ஜேயின் நண்பரான மாநில மேலவை உறுப்பினர் ஜான் ஸ்டீபன்ஸ், யான்சிவில் நீதிமன்றக் கட்டடத்துக்குள்ளேயே கொல்லப்பட்டார். கொலை மிரட்டல்களுக்கு நடுவிலும் டூர்ஜே தம் அமர்வை விட்டு நகரவில்லை. கிளான் உறுப்பினர்கள் மீது குற்றச்சாட்டுகள் பதிவாயின. ஆனால் மாநிலச் சட்டமன்றம் பொதுமன்னிப்பு வழங்கி அவர்களைத் தப்பவிட்டது. நீதிமன்ற வாசலிலேயே நீதி கொல்லப்பட்டதைக் கண்ட மனிதர், பின்னாளில் பிளெஸ்ஸிக்காக வாதாடியபோது சொற்களைத் தேடி அலைய வேண்டியிருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இனவாரியாக ரயில் பெட்டிகளைப் பிரித்த லூசியானாவின் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்க்க நியூ ஆர்லியன்ஸ் குடிமக்கள் குழு அவரை அணுகியபோது, கட்டணம் பெறாமல் வழக்கை ஏற்றார். ஒருவர் எந்த இனம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ரயில் நடத்துநர் கையில் கொடுப்பது எப்படிச் சரியாகும் என்று அவர் எழுப்பிய கேள்வி, இன்று படித்தாலும் கூர்மை குன்றாதது. ஏழு நீதிபதிகள் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். 1905இல் பிரான்சின் போர்தோ நகரில் அமெரிக்கத் துணைத் தூதராக இருந்தபோது அவர் காலமானார். பள்ளிகளில் இனப்பிரிவினை சட்டவிரோதம் என்று அதே உச்ச நீதிமன்றம் அறிவித்தது 1954இல்தான்.

ஹார்லனின் வரியைத் தங்கள் நாளிதழ் மீண்டும் எடுத்தாளும்போது, டூர்ஜேயின் பெயரும் உடன் இடம்பெற வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.