சிங்கத்தின் தலைக்கு மேலே ஒரு பெயர்: பட்டாளத்தார் வீடுகளுக்கு ஒரு திறந்த மடல்

முதல் உலகப் போருக்கு ஆள் அனுப்பிய குடும்பத்தார் எல்லோருக்கும் வணக்கம்.

உங்கள் வீட்டுக்கு ஊரில் இன்றும் பட்டாளத்தார் வீடு என்றுதான் பெயர் இருக்கும். எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் அப்படி ஒரு வீடு இல்லாத ஊரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வேலூருக்குப் பக்கத்திலுள்ள கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டாளத்தார் யார், எந்தப் போருக்குப் போனார், எந்த மண்ணில் விழுந்தார் என்று கேட்டுப் பாருங்கள். பாதி வீடுகளில் பதில் வராது. எங்கள் வீட்டிலும் அந்தக் கதை மூன்றே சொற்களில் முடிந்துவிடும்: பஸ்ராவுக்குப் போனார், திரும்பவில்லை.

போனவர் என் கொள்ளுத்தாத்தா. அவர் போனபோது கைக்குழந்தையோடு நின்ற அவர் மனைவியை நாங்கள் பெரியாயா என்று அழைப்போம். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் பூசை மாடத்தில் ஒரு வெண்கலத் தட்டு இருந்தது. வட்டமாக, கை விரித்தால் உள்ளங்கையை நிறைக்கும் அளவு. அதில் ஒரு பெண் கையில் சூலத்தோடு நிற்பாள். பக்கத்தில் சிங்கம். சூலமும் சிங்கமும் இருந்தால் நம் வீடுகளில் அவள் யாராக இருக்க முடியும்? வெள்ளிக்கிழமை தோறும் பெரியாயா அவள் நெற்றியில் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொள்வார். கொள்ளுத்தாத்தா இறந்த சேதிக்குப் பின்னால் சர்க்கார் அனுப்பி வைத்த அம்மன் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

1972ஆம் ஆண்டு ஆயுதபூசைக்கு அந்தத் தட்டைத் துலக்கும் வேலை எனக்கு வந்தது. அப்போது ஆறாம் வகுப்பு. ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிக்கப் பழகியிருந்தேன். புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்க, ஐம்பது ஆண்டுச் சந்தனமும் குங்குமமும் கரைந்து சிவப்பாக ஓடியது. சிங்கத்தின் தலைக்கு மேலே ஒரு சிறிய கட்டம். கட்டத்துக்குள் புடைத்து நிற்கும் எழுத்துகள். ஒவ்வொன்றாகக் கூட்டினேன். அது ஓர் ஆண் பிள்ளையின் பெயர். விளையாட்டுப் போல உரக்கப் படித்துவிட்டேன்.

பெரியாயாவின் கையிலிருந்த முறம் கீழே விழுந்தது.

அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். பென்ஷன் வாங்கப் போகும் இடத்தில் பெயரைக் கேட்டால், பெரியாயா மகனை முன்னே தள்ளி அவனைச் சொல்லச் சொல்வாராம். வீட்டில் அவர் காதுபட யாரும் அந்தப் பெயரை எடுப்பதில்லை. தன் வாயால் ஒரு நாளும் சொல்லாத பெயரின் மேல்தான் அவர் ஐம்பது ஆண்டுகளாகக் குங்குமம் வைத்து வந்திருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாததால் அது அவருக்குத் தெரியாது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு முறை சொல்லம்மா" என்றார். சொன்னேன். இன்னொரு முறை கேட்டார். மறுபடியும் சொன்னேன். அன்று எத்தனை முறை சொன்னேன் என்று எனக்குக் கணக்கில்லை.

அந்தப் பெண் அம்மன் இல்லை, பிரித்தானியாவின் உருவகமான பிரிட்டானியா என்பதெல்லாம் நான் ஆசிரியை ஆன பிறகு தெரிந்துகொண்டது. போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய நினைவுத் தட்டு அது. ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் விட்டம். 13 லட்சத்துக்கும் மேற்பட்டவை வார்க்கப்பட்டன. அதில் பதவி போடுவதில்லை. தளபதிக்கும் சிப்பாய்க்கும் பெயர் மட்டுமே. சாவில் எல்லோரும் சமம் என்று காட்டுவதற்காக.

அந்தச் சமம் பஸ்ராவில் என்ன ஆனது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மடலை எழுத என்னை உட்காரவைத்ததே அதுதான்.

மெசபடோமியா என்று அன்று அழைக்கப்பட்ட இராக் மண்ணில், கல்லறை தெரியாமல் போனவர்களுக்காகப் பஸ்ராவில் 1929இல் ஒரு நினைவுச்சின்னம் திறந்தார்கள். 40,000க்கும் அதிகமானவர்களின் நினைவுக்கு உரியது அது. அதில் வெள்ளைச் சிப்பாயின் பெயர் உண்டு. வெள்ளை அதிகாரியின் பெயர் உண்டு. இந்திய அதிகாரிகளின் பெயர்கூட உண்டு. அதற்குக் கீழே உள்ள இந்தியச் சிப்பாய்களுக்கு, படைப்பிரிவின் பெயரும் அதில் இத்தனை பேர் என்ற எண்ணிக்கையும்தான். 30,000க்கும் மேற்பட்ட மனிதர்கள் எண்ணாகக் கிடக்கிறார்கள். பிரான்சில் நவ் ஷப்பேல் என்ற இடத்தில் 1927இல் எழுப்பிய சின்னத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. ஐரோப்பியர் நடமாடும் இடத்தில் பெயர் வெட்ட முடிந்தவர்களுக்குப் பாலைவனத்தில் வெட்ட மனம் வரவில்லை. இதை வேறு எப்படிப் புரிந்துகொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. இந்தச் சின்னங்களை எழுப்பிய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை தானே ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் இறந்த 45,000 முதல் 54,000 பேர் மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றது. குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயரோ, சில இடங்களில் எந்த நினைவுமோ இல்லை என்றது. இவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும். அந்த எண்ணிக்கை 3,50,000 வரை போகலாம் என்றும் எழுதியது. பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். நூறாண்டு கழித்து வந்த மன்னிப்பு. பெரியாயா போய்ச் சேர்ந்து அதற்குள் எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது, வயது சுமார் 1,400 ஆண்டு. பூசலில் பட்ட வீரனின் பெயரை அதில் வெட்டியிருக்கிறார்கள். கள்ளரைக் கடித்து அவனுக்குத் துணைநின்ற நாய்க்கும் பெயர் வெட்டியிருக்கிறார்கள். கோவிவன் என்பது அந்த நாயின் பெயர். செங்கம் வட்டாரத்தில் இப்படிப் பெயர் சொல்லும் கற்கள் நிறைய உண்டு. நாயின் பெயரையும் விடாமல் கல்லில் ஏற்றிய மண்ணிலிருந்து போனவர்களைத்தான் அங்கே எண்ணி வைத்திருக்கிறார்கள்.

வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவர்களை நாம் ஏன் நினைக்க வேண்டும் என்று என் மாணவர்கள் கேட்டதுண்டு. நியாயமான கேள்வி. தட்டின் விளிம்பைச் சுற்றி, இவர் சுதந்திரத்துக்காகவும் மானத்துக்காகவும் இறந்தார் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. அந்தத் தட்டுகள் வார்க்கப்பட்டுக்கொண்டிருந்த 1919இல்தான் ரௌலட் சட்டம் வந்தது, ஜாலியன்வாலாபாக் நடந்தது. அந்த வாசகத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஆனால் என் கொள்ளுத்தாத்தா போனது சாம்ராஜ்யத்தைக் காப்பாற்றுவதற்காக இல்லை. மாதம் 11 ரூபாய்ச் சம்பளத்துக்காக, வேளைக்குச் சோறு கிடைக்கும் என்பதற்காக. நம் வீடுகளிலிருந்து போனவர்களில் பலருடைய காரணம் இதுதான். கடல் தாண்டிப் போன லட்சக்கணக்கான இந்தியர்களில் 74,000 பேர் இறந்தார்கள். சாம்ராஜ்யத்தின் கணக்கை வரலாறு தீர்க்கட்டும். வீட்டுப் பிள்ளையின் பெயரை வைத்திருக்க வேண்டியவர்கள் நாம்.

நமக்காக அதை வைத்திருக்க வேறு யாரும் இல்லாமலும் போனார்கள். போர் முடிந்த பத்தாண்டுக்குள், 1928இல், மெட்ராஸ் ரெஜிமென்டையே செலவு மிச்சம் என்று கலைத்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டபோது 1941இல்தான் மறுபடி எழுப்பினார்கள். நடுவில், அப்பன் எங்கே விழுந்தான் என்று போய்க் கேட்பதற்குக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு வாசல் இருக்கவில்லை.

சரி, இப்போது என்ன செய்வது?

முதலில் பரணைப் பாருங்கள். தட்டோடு பதக்கங்களும் வந்திருக்கும். ஜார்ஜ் மன்னரின் தலை போட்ட வெள்ளிப் பதக்கம் ஒன்று, பழைய ரூபாயைவிடச் சற்றுப் பெரியது. பெரும்பாலான வீடுகளில் அது உருகியிருக்கும். எங்கள் வீட்டில் பஞ்ச காலத்தில் அது கொலுசானது, பிறகு அந்தக் கொலுசு அரிசியானது. பெரியாயா அதற்கு வருந்தியதாக நான் கேட்டதில்லை. பசித்த பிள்ளைகளுக்குத்தானே போயிற்று. இன்னொரு பதக்கம் வெண்கலம், சிறகு வைத்த பெண் உருவம் இருக்கும். தட்டான் அதைத் தொட்டிருக்க மாட்டார், அதனால் தப்பியிருக்கலாம். இரண்டிலுமே விளிம்பைப் பாருங்கள். படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும்.

பிறகு ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் தேடுங்கள். கல்லில் வெட்டாத பெயர்கள் அந்த ஏட்டில் இருக்கின்றன. தகப்பன் பெயர், ஊர், தாலுகா, ஜில்லா என்று பல பேருக்குக் குறித்திருக்கிறார்கள். ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி, இல்லை என்று எழுந்துவிடாதீர்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது அது. சாமி என்ற பெயருக்கே ஏழெட்டு எழுத்துக்கூட்டல் பார்த்துவிட்டேன். பெயரைவிட ஊரைப் பிடித்துப் போனால் சீக்கிரம் கிடைக்கும். எனக்கு மூன்று மாலைப்பொழுதுகள் ஆயின. எங்கள் ஊர்ப் பெயரும், மாமனார் என்று பெரியாயா தலையில் முக்காடிட்டுக் குறிப்பிடுவாரே அவருடைய பெயரும், திரையில் அடுத்தடுத்து வந்து நின்றபோது நான் எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தேன். ஏன் என்று எனக்கே தெரியாது.

கிடைத்த பெயரை உங்கள் ஊர் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, எந்த நாளானாலும் சரி. இந்த ஊரிலிருந்து பெரும் போருக்குப் போனவர் இத்தனை பேர், உயிர் துறந்தவர் இத்தனை பேர் என்று வெள்ளைக்காரன் நட்ட கல் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. அங்கும் எண்ணிக்கைதான். அதன் கீழே பெயர் வெட்டச் சொல்லி ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்கள். ஒரு கொத்தனாரும் ஒரு நாள் கூலியும் போதும்.

சென்ற தை மாதம் பக்கத்து நகரத்தில் ஒரு பழைய பாத்திரக் கடைத் தராசில் எங்கள் தட்டைப் போலவே ஒன்றைப் பார்த்தேன். குத்துவிளக்கின் உடைந்த அடிப்பகுதியோடு சேர்த்துக் கிலோ கணக்கில் நிறுத்துக்கொண்டிருந்தார்கள். குனிந்து படித்தேன். சிங்கத்தின் தலைக்கு மேலே ஒரு தமிழ்ப் பெயர். விலை கொடுத்து வாங்கி வந்துவிட்டேன். இப்போது எங்கள் மாடத்தில் இரண்டு இருக்கின்றன. விற்றவர் யார் என்று கடைக்காரருக்கு நினைவில்லை. அந்த வீடு உங்களுடையதாக இருந்தால் வாருங்கள், அது உங்களுக்காகக் காத்திருக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நான் செய்ததைப் போலப் புளி போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள், எழுத்து தேய்ந்துவிடும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, சன்னலோரம் சாய்வான வெயிலில் பிடித்துப் பாருங்கள். எழுத்துகள் தாமே எழுந்து நிற்கும். வீட்டில் காது கேட்கிற பெரியவர் யாராவது இருந்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பட்டாளத்தார் வீட்டுக் கொள்ளுப்பேத்தி