கடற்கரை விளையாட்டுகள் இராமநாதபுரத்துக்கு வரட்டும். போட்டி நாளைக் கடலோர மக்கள் குறிக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 நவம்பர், டிசம்பர் மாதங்களில் இளையோர் ஆடவர் உலகக்கோப்பை ஹாக்கி ஆட்டங்கள் சென்னையோடு மதுரையிலும் நடந்தன. அன்று முதல் என் பழைய மாணவர்கள் என்னைக் காணும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். “மதுரைக்கு உலகக்கோப்பை வந்துவிட்டது, நமக்கு ஏன் சார் எதுவும் வருவதில்லை?” என்பதே அது. அவர்களில் பலர் இன்று நாட்டுப்படகு வைத்துத் தொழில் செய்பவர்கள். இக்கடற்கரைப் பள்ளிகளில் இருபத்தொன்பது ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றியவன் என்ற முறையில், அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த விடையைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

பெரிய மைதானம் கட்டி நாம் மதுரையோடு போட்டியிட வேண்டியதில்லை. நாம் கேட்க வேண்டியது கடற்கரை விளையாட்டுப் போட்டிகளை. மத்திய அரசு நடத்தும் முதலாவது கேலோ இந்தியா கடற்கரை விளையாட்டுகள் 2025 மே மாதம் குஜராத் கரையோரமுள்ள டையூவில் நடந்தன. கடற்கரைக் கபடி, கைப்பந்து, கால்பந்து, திறந்தவெளி நீச்சல் ஆகியவற்றுக்காக நாடு முழுவதிலிருந்தும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் அங்கே கூடினார்கள். 2011 கணக்கெடுப்பின்படி டையூ மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 52 ஆயிரம். இராமநாதபுரம் நகராட்சி ஒன்றின் மக்கள்தொகையே அதைவிடக் கூடுதல். அத்தனை சிறிய ஊரால் முடிந்த ஒன்று, 237 கிலோமீட்டர் கடற்கரை உள்ள மாவட்டத்தால் முடியாது என்று சொல்வதற்குக் காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை. தமிழ்நாட்டில் கடல் சார்ந்த போட்டி என்றாலே மாமல்லபுரம்தான் என்று ஆகிவிட்டது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியும் அங்கேதான் நடைபெற்றது. அலை வேண்டிய விளையாட்டுக்கு அது பொருத்தமான இடம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அலை இல்லாத தட்டையான நீரும், பகல் பொழுதில் நின்று வீசும் காற்றும் வேண்டிய விளையாட்டுகளுக்கு எங்கள் கரையைப் போல் வேறு கரை இம்மாநிலத்தில் இல்லை என்பது என் கருத்து.

இதை வெளியூர் வாசகர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். மண்டபம் முனையிலும் இராமேசுவரம் தீவிலும் வடக்கே பாக் நீரிணைப் பகுதியின் கடல், தெற்கே மன்னார் வளைகுடா என இரண்டு கடல்கள் அருகருகே கிடக்கின்றன. எங்கள் மக்கள் வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் பொங்கிக்கொண்டிருக்க, வடகடல் குளம்போல் கிடக்கும். வாடைக்காற்று தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிவிடும். ஆகையால் ஆண்டின் எந்த மாதத்திலும் இரண்டில் ஒரு கடல் விளையாட்டுக்கு இணக்கமாக இருக்கிறது. பிரப்பன்வலசைக் கரையில் காற்றாடிப் பாய் கட்டிச் சறுக்கும் விளையாட்டைக் கற்க வெளிமாநிலத்தவரும் வெளிநாட்டவரும் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருப்பது இதனால்தான். அந்த விளையாட்டு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்றுவிட்டது. பிரப்பன்வலசையில் ஒலிம்பிக் நீர்விளையாட்டு அகாடமி அமைக்கப்படும் என்று மாநில அரசு அறிவித்ததும் இக்காரணங்களை எண்ணித்தான் என்று நம்புகிறேன்.

காற்றும் நீரும் இருந்தால் மட்டும் போதாது. விளையாடுவதற்கு எங்கள் பிள்ளைகள் வேண்டும். என் உள்ளத்தில் பல ஆண்டுகளாகத் தைத்துக்கொண்டிருக்கும் நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். நடக்கத் தொடங்கிய வயதிலேயே நீந்தத் தொடங்கிய மாணவன் ஒருவனை மண்டல நீச்சல் போட்டிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். தந்தையுடன் கடலுக்குப் போய், விழுந்த வலையை எடுக்கப் பல பாகம் ஆழம் மூழ்கி வரக்கூடியவன் அவன். முதல் ஐம்பது மீட்டரில் எல்லோருக்கும் முன்னால் சென்றான். சுவரைத் தொட்டதும் திரும்பத் தெரியாமல் நின்றுவிட்டான். குளத்துச் சுவரில் காலை உதைத்துப் புரண்டு திரும்பும் முறையை அவனுக்குக் கற்பிக்க என்னிடம் குளம் இருக்கவில்லை. நான்காவதாக வந்தவன், ஊர் திரும்பும் பேருந்தில் ஒரு சொல்லும் பேசவில்லை. அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை; விசைப்படகுக்குப் போய்விட்டான். பத்துக் கிலோமீட்டர் திறந்தவெளி நீச்சல் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் முதலே இருந்துவருகிறது. அதில் சுவர் இல்லை; நீவாடு என்னும் கடல் நீரோட்டத்தை அறிந்து, அலையைப் பார்த்து, திசை தவறாமல் போகத் தெரிந்தவருக்கே அதில் முன்னிடம். அப்படி ஒரு போட்டி இருப்பதை அவனிடம் உரிய காலத்தில் சொல்லாமல் போனது என் குறை என்றே இன்றும் கருதுகிறேன்.

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு மிஹிர் சென் 1966 ஏப்ரலில் நீந்தி வந்தார். குற்றாலீஸ்வரன் சிறுவனாக 1994-ல் பாக் நீரிணையைக் கடந்தார். ஆட்டிசப் பாதிப்புள்ள ஜியா ராய் என்ற மும்பைச் சிறுமி 2022 மார்ச்சில் ஏறக்குறைய 29 கிலோமீட்டரை 13 மணி 10 நிமிடத்தில் நீந்தி அரிச்சல்முனையில் கரையேறினார். மூவரையும் போற்றுகிறேன். மூவரும் வேறு ஊர்களில் பயிற்சி பெற்று இங்கே வந்தவர்கள். நம் கடலைப் பிறர் நீந்திக் கடப்பதைக் கரையில் நின்று கைதட்டிப் பார்க்கும் நிலையிலேயே எங்கள் பிள்ளைகள் இருந்துவிடக் கூடாது. குறிப்பாகப் பெண் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படுகிறேன். கடற்பாசி எடுக்க மூச்சடக்கி மூழ்கும் தாய்மார்கள் இக்கரையில் ஏராளம். ஆனால் அவர்களின் மகள்கள் பன்னிரண்டு வயதுக்கு மேல் கடலில் நீந்துவதையே நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். உடை மாற்ற ஓர் அறையும், உடன் நிற்க ஒரு பெண் பயிற்சியாளரும் இருந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் மாநிலத்துக்காக நீந்தியிருப்பார்கள் என்று எண்ணாத நாளில்லை.

பாய்மரப் படகு ஓட்டத்தில் எங்களுக்குப் பயிற்சியே தேவையில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. தொண்டிப் பக்கத்துக் கடலோர ஊர்களில் திருவிழாக்களையொட்டிப் பாய்மரப் படகுப் போட்டி இன்றும் நடக்கிறது. காற்று வலுக்கும்போது படகு கவிழாதபடி தம் உடலையே எடையாக்கி வெளியே சாய்ந்து நிற்பவர்களைப் பார்த்தவர்கள், ஒலிம்பிக் பாய்மரப் போட்டியில் வீரர்கள் செய்வதும் அதுவே என்பதை உடனே உணர்வார்கள். மணலிலிருந்து ஓடிவந்து படகில் ஏறித் துடுப்புப் போட்டுத் திரும்பும் கடற்கரைத் துடுப்புப் படகுப் போட்டி 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் சேர்க்கப்படுகிறது. அதைப் பற்றிப் படித்தபோது, ஊரில் நாள்தோறும் கண்ட காட்சியே நினைவுக்கு வந்தது.

இனி, எப்போது நடத்துவது என்பதற்கு வருகிறேன். என் கோரிக்கையின் உயிர்நாடி இதுதான். போட்டி நாள்களைத் தலைநகரில் அமர்ந்து நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்தால் அது எங்கள் மக்களின் பிழைப்பில் கைவைப்பதாகிவிடும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். படகில் கூலிக்குப் போகும் இளைஞர்கள் வேலையின்றி இருப்பார்கள். மே மாதம் கத்திரி வெயிலில் மணலில் கால் வைக்க முடியாது. கடலாமைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலமும் மே மாதத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். ஜூன் முதல் இரு வாரங்களில் கத்திரி தீர்ந்திருக்கும், கச்சான் நிலைத்திருக்கும், மழைக்கு வாய்ப்பு மிகக் குறைவு, தடைக்காலமும் முடிந்திருக்காது. ஆடி அமாவாசைக் கூட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கும். விடியற்காலையில் காற்று பெரும்பாலும் தணிந்திருப்பதால் நீச்சலை அப்போதும், காற்று ஏறிய பிறகு பாய் விளையாட்டுகளையும் வைத்துக்கொள்ளலாம். பள்ளிகள் திறக்கும் காலம் என்பது ஒரு குறைதான். கல்வித்துறை மனம் வைத்தால் பங்கேற்கும் மாணவர்களுக்கு விடுப்பு அளிப்பது பெரிய காரியமன்று.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அதை மறைப்பது முறையன்று. பிரப்பன்வலசை, அரியமான் கரைகளில் கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையோரம் நீர் அமைதியாக இருப்பதற்கு அதுவே காரணம். பாய் சரிந்த ஒருவர் கரைக்கு ஒதுங்காமல் கடலுக்குள்ளேயே இழுத்துச் செல்லப்படுவதற்கும் அதுவே காரணம். மண்டபத்திலுள்ள கடலோரக் காவல்படையினர் இருப்பார்கள் என்பது உண்மைதான் என்றாலும், ஆழம் குறைந்த அந்தப் பகுதியில் எங்கே பார் என்னும் கடலடிப் பாறை இருக்கிறது, எங்கே நீரோட்டம் இழுக்கும் என்பதை அன்றாடம் அறிந்தவர்கள் நாட்டுப்படகுக்காரர்களே. மீட்புப் பணிக்கு அவர்களையும் பயிற்சி அளித்து, நாள் ஊதியம் கொடுத்து, அமைப்புக் குழுவிலேயே உறுப்பினராக்க வேண்டும். தொழிலுக்குப் போகாமல் மீட்புக்கு நிற்கும் நாள்களில் அந்த ஊதியம் அவர்கள் வீட்டில் அடுப்பெரிய உதவும்.

இடத்தைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக இருந்துவருபவை. அவற்றின் பக்கம் போட்டிப் படகுகள் போகக் கூடாது. தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கான சரணாலயம் 2025-ல் அறிவிக்கப்பட்டிருக்கிறது. தனுஷ்கோடியில் விழா நடத்தினால் படம் அழகாக வரும் என்று யாரேனும் ஆசைப்படக்கூடும். அருள்கூர்ந்து அதைச் செய்ய வேண்டாம். வடகடலின் அடியில் ஆவுளியா என்னும் கடற்பசு மேயும் கடல்புல் பரந்து கிடக்கிறது. பெரிய படகுகள் கண்ட இடத்தில் நங்கூரம் பாய்ச்சினால் அது வேரோடு பெயர்ந்துவிடும். பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகள் கட்டப்பட்டிருக்கும் இடங்களையும் முன்கூட்டியே குறித்துக்கொண்டு ஓட்டப் பாதையை அமைக்க வேண்டும். மண்டபத்திலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருப்பதால் ஆலோசனைக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. வலை உலர்த்தும் இடம், கருவாடு காயவைக்கும் இடம், கரைவலை இழுக்கும் இடம் ஆகியவற்றில் ஒரு முழமும் “அழகுபடுத்துதல்” என்ற பெயரில் எடுக்கப்படக் கூடாது. பார்வையாளர் மாடங்களும் அறைகளும் கழற்றி எடுத்துச் செல்லக்கூடியவையாக இருந்தாலே போதும்.

தங்குமிடம் இல்லை என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அமாவாசைக்கு அமாவாசை கூட்டத்தைத் தாங்கும் இராமேசுவரம் பக்கத்தில்தான் இருக்கிறது. பாம்பனில் புதிய இரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டிருக்கிறது. ஆனால் தண்ணீர்க் குறையை யாரும் மறுக்க முடியாது. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை நம்பி வாழும் எங்கள் ஊர்களில் கோடையில் குடங்கள் வரிசையில் நிற்பதைக் கண்ணால் காண்கிறோம். அந்த வரிசையைத் தாண்டி ஒரு லாரித் தண்ணீர் போட்டித் திடலுக்குப் போனாலும் ஊர் மக்கள் அதை மன்னிக்க மாட்டார்கள், மன்னிக்கவும் தேவையில்லை. போட்டிக்கான தண்ணீரை ஊரின் பங்கில் கைவைக்காமல் தனியாகக் கொண்டுவர ஏற்பாடு செய்வதும், அங்கே கட்டப்படும் கழிப்பறைகளைப் போட்டிக்குப் பின் ஊராட்சியிடம் பயன்படும் நிலையில் ஒப்படைப்பதும் விண்ணப்பத்திலேயே எழுதப்பட வேண்டும்.

தேசியப் போட்டிக்கு விண்ணப்பிப்பதற்கு முன் மாவட்ட நிர்வாகமும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் செய்யக்கூடிய ஒன்றுண்டு. வரும் தடைக்காலத்திலேயே, ஜூன் முதல் வாரத்தில், வடகடல் கரையில் ஒரே நாள் போட்டியை நடத்திப் பார்க்கலாம். தொண்டியிலிருந்து இராமேசுவரம் வரையுள்ள ஊர்களின் பிள்ளைகளுக்கு இரண்டு கிலோமீட்டர் நீச்சல், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகக் கடற்கரைக் கபடி, பெரியவர்களுக்குப் பாய்மரப் படகு ஓட்டம் ஆகிய மூன்றும் போதும். நாளையும் இடத்தையும் குறிக்கும் முதல் கூட்டத்துக்கு விசைப்படகு, நாட்டுப்படகு மீனவர் சங்கங்களையும், பாசி எடுக்கும் பெண்களையும் அழைக்க வேண்டும். நேரம் குறிக்கவும், பிள்ளைகளை வரிசைப்படுத்தவும், முதல் நாள் இரவே திடலில் கோடு போடவும் என்னைப் போன்று பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் ஊதியம் எதுவும் பெறாமல் வருவதற்கு ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
உச்சிப்புளி,
இராமநாதபுரம் மாவட்டம்.