கையுறையும் கைகழுவலும்: சமையலறைப் பணியாளர்களுக்கு

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கையுறை அணிந்துவிட்டால் கைகழுவத் தேவையில்லை என்ற எண்ணம் உணவகச் சமையலறைகளில் பரவலாக இருக்கிறது, அது தவறு. கழுவாத கையால் பெட்டியிலிருந்து உருவும்போதே கையுறையின் வெளிப்புறத்தில் கிருமிகள் ஒட்டிக்கொள்கின்றன. உள்ளே வெப்பமும் வியர்வையும் சேர்வதால் கையில் உள்ள கிருமிகள் பெருகவும் செய்கின்றன. ஆகவே, சோப்புப் போட்டு விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல், மணிக்கட்டு வரை குறைந்தது 20 விநாடிகள் தேய்த்துக் கழுவி, காகிதத் துண்டால் ஈரம் போகத் துடைத்த பிறகே கையுறை அணியுங்கள். (ஈரக்கையில் அது எளிதில் ஏறவும் ஏறாது.)

பச்சை இறைச்சி, கைபேசி, முகம், குப்பைக்கூடை மூடி ஆகியவற்றில் எதைத் தொட்டாலும், அந்தக் கையுறையைக் கழற்றி எறிந்து, கைகழுவி, புதியதை அணிந்த பின்னரே சமைத்த உணவைத் தொட வேண்டும். கிழிந்தால் உடனே மாற்றுங்கள். ஒரே வேலையைத் தொடர்ந்து செய்தாலும் 4 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். கையுறையையே குழாயில் அலசி மீண்டும் பயன்படுத்துவது சிக்கனம் அல்ல.

சானிடைசர் சோப்புக்கு ஈடாகாது. வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸிடம் அது அவ்வளவாகப் பலிப்பதில்லை. விரலில் வெட்டுக்காயம் இருப்பவர்கள் நீர்புகாத கட்டுப் போட்டு, அதன்மேல் கையுறை அணியவும்.